பழைய ஃபோர் வீலை வாங்கிப் புதுப்பிக்கும் முன்: ஜிம்னியா, பஜேரோவா, லேண்ட் ரோவரா, கெம்பாராவா?

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஓடாமல் நிற்கும் பழைய ஃபோர் வீல்களுக்கு, அதாவது நான்கு சக்கர இழுவை வண்டிகளுக்கு, பஞ்சமில்லை. ரவாங் பக்கத்துக் கம்பத்து வீட்டின் பின்புறம், காப்பார் சாலையோரப் பட்டறை, பிள்ளைகள் வளர்ந்து வெளியேறிவிட்ட செந்தூல் வீட்டின் முன்வாசல் என்று எங்காவது ஒன்று டயரில் காற்றிறங்கி, கூரைமேல் இலை மக்கி நின்றுகொண்டிருக்கும். உரிமையாளரிடம் கேட்டால், “எடுத்துக்கிட்டுப் போங்க தம்பி, குடுக்கிறதக் குடுங்க” என்பார். அந்த ஒரு வார்த்தையில் மனம் இளகி, வீட்டுக்கு இழுத்து வந்து, இரண்டு வருடம் கழித்து அதே நிலையில் இன்னொருவருக்கு விற்றவர்கள் பலர். வாங்கும் விலை குறைவு என்பது இந்த விஷயத்தில் மிகச் சிறிய பகுதி. எந்த வண்டி, எந்த நிலையில், யார் கையில் என்பதுதான் மீதியெல்லாம்.

யாருக்காக எழுதுகிறேன் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கையில் மொத்தம் 20,000 வெள்ளி. வாங்குவதற்கு மட்டுமல்ல, ஓட்டும் நிலைக்குக் கொண்டுவருவதற்கும் சேர்த்துத்தான். வேலைக்குப் போக வேறு கார் இருக்கிறது. குடியிருப்பது தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) வரிசை வீடு; வேலை பார்க்க இடம் என்றால் முன்னால் இருக்கும் போர்ச் மட்டும்தான். சனி, ஞாயிறுதான் நேரம். வங்கிக் கடனை நம்பி இறங்க வேண்டாம். இத்தனை வயதான வண்டிக்குப் பொதுவாகக் கடன் கிடைப்பதில்லை. காப்புறுதியும் பெரும்பாலும் மூன்றாம் தரப்புக்கு மட்டுமே கிடைக்கும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். வண்டியில் போடும் ஒவ்வொரு வெள்ளியும் சொந்தக் காசு, திருடு போனால் திரும்பி வராத காசு.

இப்படிப்பட்டவர் எடுக்க வேண்டியது சுஸுக்கி ஜிம்னி எஸ்ஜே410 என்பது என் முடிவு. ஆனால் அதற்கு முன் இரண்டு வாசல்களைத் தாண்ட வேண்டும். நல்ல சேசிஸும் (வண்டியின் அடிச்சட்டம்) சுத்தமான கிராண்டும் (வண்டியின் பதிவுப் பத்திரம்) உள்ள பஜேரோ, துருவேறிய ஜிம்னியைவிட எந்நாளும் மேல்.

கிராண்டைப் பார்த்த பிறகே வண்டியைப் பாருங்கள்

எஞ்சின் கெட்டால் மாற்றலாம். தகரம் போனால் வெட்டி ஒட்டலாம். காகிதம் கெட்ட வண்டியை ஒன்றும் செய்ய முடியாது. பெயர் மாற்றத்துக்கு பி5 என்ற வாகனப் பரிசோதனை தேவை. பரிசோதனை நிலையத்தில் முதலில் பார்ப்பது சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் கிராண்டில் உள்ளவையோடு ஒத்துப்போகின்றனவா என்பதைத்தான். பழைய ஃபோர் வீல்களில் எஞ்சின் மாற்றம் சர்வசாதாரணம். யாரோ ஒருவர் பத்து வருடத்துக்கு முன் ஹாஃப் கட் கடையில் (பாதியாக வெட்டிய பழைய வண்டிகளின் சாமான் விற்கும் கடை) எஞ்சின் எடுத்துப் போட்டிருப்பார். சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதிந்திருக்க மாட்டார். விற்பவருக்கே அது தெரியாமலும் இருக்கலாம். எனவே போகும்போது ஒரு கம்பித் தூரிகை, கைவிளக்கு, கொஞ்சம் மண்ணெண்ணெய் கொண்டுபோங்கள். எண் அடித்த இடத்தைத் துடைத்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக் கிராண்டோடு ஒப்பிடுங்கள். சேசிஸ் எண் இருக்கும் இடமே துருவில் அரித்துப் போயிருந்தால் அந்த வண்டியை மறந்துவிடுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

இன்னொன்று, நம் வீடுகளில் அடிக்கடி நடப்பது. “அப்பா பேர்ல இருக்கு, அப்பா தவறிட்டாரு” என்பார்கள். மகன் கையெழுத்துப் போட்டால் போதும் என்று நினைத்துப் பணத்தைக் கொடுத்துவிடக் கூடாது. இறந்தவர் பெயரில் உள்ள வண்டி அவருடைய சொத்தில் அடங்கும். நீதிமன்றமோ, இறந்தவர் சொத்தை நிர்வகிக்கும் அமானா ராயா நிறுவனமோ தரும் அதிகாரக் கடிதம் இல்லாமல் பெயர் மாறாது. அந்தக் குடும்பம் நல்ல குடும்பமாகவே இருக்கலாம். ஆனால் அண்ணன் தம்பிகள் மூன்று பேரும் ஒத்துக்கொண்டு காகிதம் எடுக்க எவ்வளவு நாளாகும் என்பது உங்கள் கையில் இல்லை. காகிதம் வந்த பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்று மரியாதையாகச் சொல்லி, வேண்டுமானால் சிறு முன்பணம் கொடுத்து, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சாலை வரி எத்தனை வருடம் கட்டாமல் கிடக்கிறது, சம்மன் பாக்கி ஏதாவது உண்டா என்பதையும் இலாகா முகப்பில் கேட்டுவிட வேண்டும். கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். உண்மையான விற்பனையாளர் கூடவே வருவார்.

பிறகு சேசிஸ்

நம் ஊரில் பனி இல்லை, சாலையில் உப்புத் தூவுவதில்லை, அதனால் துரு குறைவு என்று சிலர் சொல்வதுண்டு. ஓடுகிற வண்டிக்கு அது ஓரளவு பொருந்தலாம். நிற்கிற வண்டிக்குப் பொருந்தவே பொருந்தாது. மாலையானால் மழை, காலையில் வெயில், நாள் முழுக்க ஈரப்பதம். ரம்புத்தான் மரத்தடியில் நிற்கும் வண்டியில் கண்ணாடிக்குக் கீழே உள்ள வடிகால் துளைகள் இலைச் சருகால் அடைபட்டு, தண்ணீர் உள்ளே இறங்கி, கால்மிதியின் அடியில் தேங்கும். வெளியே சாயம் பளபளவென்று இருக்க, உள்ளே தரை ஓட்டையாகியிருக்கும். எனவே மிதிவிரிப்பைத் தூக்காமல் எந்த வண்டியையும் பாராட்டாதீர்கள்.

சேசிஸைத் தட்டிப் பார்ப்பதுதான் சோதனை. ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் முன்னிருந்து பின்வரை தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இடம் பொத்தென்று கேட்கும். ஸ்பிரிங் மாட்டும் இடங்கள், உடலைத் தாங்கும் மவுண்டுகள், பின் ஆக்ஸிலுக்கு மேலே வளையும் பகுதி ஆகியவற்றில் நேரம் செலவிடுங்கள். அடிப்பாகம் முழுக்கப் புதிதாகக் கறுப்புத் தார் பூசியிருந்தால் சந்தேகப்பட வேண்டும். துருவின் மேல் பூசிய தார் ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்து அரிப்பைக் கூட்டும். மெல்லிய துணி சுற்றிய காந்தம் ஒன்று பையில் இருக்கட்டும்; தகரத்தில் ஒட்டும், புட்டி அடைத்த இடத்தில் ஒட்டாது.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2021 டிசம்பரில் பெய்த பெருமழையில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா போன்ற இடங்களில் கார்கள் கூரைவரை மூழ்கின. அப்போது மூழ்கிய வண்டிகளில் சில காயவைக்கப்பட்டு மறுபடி கைமாறிக்கொண்டிருக்கின்றன. சீட் பெல்ட்டை முழுதாக இழுத்துப் பாருங்கள். கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கோடு இருக்கும். மீட்டர் போர்டின் பின்புறம், சீட்டின் அடிக் கம்பிகள், விளக்குகளின் உட்புறம் ஆகியவை பொய் சொல்லாது. எலெக்ட்ரானிக்ஸ் நிறைய உள்ள வண்டிக்கு வெள்ளம் பெருந்துன்பம். கார்புரேட்டர் ஜிம்னிக்கு அவ்வளவு இல்லை. ஆனால் டிஃப் (சக்கரங்களுக்கு இழுவையைப் பிரிக்கும் டிஃபரென்ஷியல்), கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்ஸில்களுக்கு இழுவையை அனுப்பும் பெட்டி) மூன்றிலும் தண்ணீர் புகுந்திருக்கும். வடிகால் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி எண்ணெயைப் பார்த்தால், நீர் கலந்த எண்ணெய் வெளுத்துக் குழம்பியிருப்பது தெரிந்துவிடும்.

சுஸுக்கி ஜிம்னி எஸ்ஜே410

1981இல் வெளிவந்த எஸ்ஜே410இல் எஃப்10ஏ என்ற 970 சிசி பெட்ரோல் எஞ்சின், நாலு கியர், தனி டிரான்ஸ்ஃபர் கேஸ், முன்னும் பின்னும் லீஃப் ஸ்பிரிங். ஏறக்குறைய 45 குதிரைத்திறன். எடை ஒரு டன்னுக்கும் குறைவு. இந்தக் கடைசி விவரம்தான் அதன் பலம். இரண்டு டன் வண்டி புதையும் சேற்றில் இது மேலேயே போய்விடும். அப்படியே மாட்டிக்கொண்டாலும் மூன்று பேர் சேர்ந்தால் தள்ளிவிடலாம். 1,000 சிசிக்குள் இருப்பதால் சாலை வரி ஆண்டுக்கு 20 வெள்ளி. நீளம் மூன்றரை மீட்டருக்குள் அடங்கிவிடும். தாமான் வீட்டுப் போர்ச்சில் நிறுத்தி, சுற்றிலும் உட்கார்ந்து வேலை பார்க்க இடமிருக்கும். போர்ச்சில் வேலை செய்கிறவருக்கு இது சாதாரண வசதியில்லை. கியர் பாக்ஸை இரண்டு பேர் கையால் இறக்கலாம். பஜேரோவின் கியர் பாக்ஸுக்கு ஜாக்கி தேவை, இடம் தேவை, தெரிந்த ஆள் தேவை.

சாமான் விஷயத்திலும் நமக்கு ஓர் அனுகூலம் உண்டு. இதே வடிவத்தை அடிப்படையாகக் கொண்டுதான் 1985இல் இந்தியாவில் மாருதி ஜிப்சி வந்தது. இந்திய ராணுவமும் போலீஸும் நீண்ட காலம் ஓட்டிய வண்டி அது. அதனால் பிரேக், கிளட்ச், ஸ்டியரிங், எஞ்சின் சாமான்களில் பல இந்தியாவில் இன்னமும் கிடைக்கின்றன. ஊருக்குப் போகும் சொந்தக்காரர் பையில் ஒரு வீல் சிலிண்டர் செட் வருவது நம் மக்களுக்குப் புதிதல்ல.

இனி குறைகள். முதல் தலைவலி ஸ்டியரிங் ஆட்டம். 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு குழியில் விழுந்ததும் முன்சக்கரங்கள் இடமும் வலமும் உதறத் தொடங்கி, வண்டியை நிறுத்தினால்தான் அடங்கும். ஸ்டியரிங் டேம்பரை மாற்றினால் சரியாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். அது ஆட்டத்தைக் கொஞ்ச நாள் மறைக்கும், அவ்வளவுதான். முன்சக்கரம் திரும்பும் மூட்டான நக்கிளில் உள்ள கிங்பின் பேரிங், டை ராட் எண்ட், ஸ்பிரிங் ஷேக்கிள் புஷ் எல்லாவற்றையும் வரிசையாகப் பார்க்க வேண்டும். முன் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பாதி தெரிந்துவிடும். நக்கிளின் பின்பக்கம் எண்ணெய் வழிந்து, கிரீஸ் நீர்த்துப் போயிருந்தால் ஆக்ஸிலின் உள் சீல் போய்விட்டது. சீல் விலை குறைவு. கழற்றி மாட்டும் வேலை அதிகம்.

இரண்டாவது, டிரான்ஸ்ஃபர் கேஸைத் தாங்கும் மூன்று ரப்பர் மவுண்டுகள். அவை கிழிந்தால் வண்டி முழுக்க ஒரு நடுக்கம் வரும். ஓட்டுபவர் எஞ்சினைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார். மூன்றாவது, பிரேக். பழையவற்றில் நான்கு சக்கரத்திலும் டிரம்தான். ஆற்றைத் தாண்டிய பிறகு சிறிது தூரம் மிதித்து மிதித்துக் காயவைக்காவிட்டால் பிடிக்காது. நான்காவது கார்புரேட்டர். நீண்ட நாள் நின்ற வண்டியில் பெட்ரோல் வற்றி, பசையாகி, துளைகளை அடைத்திருக்கும். டேங்கின் உள்ளே துரு இருந்தால் கார்புரேட்டரை எத்தனை முறை கழுவினாலும் பயனில்லை. டேங்கை முதலில் இறக்குங்கள்.

நெடுஞ்சாலையில் ஜிம்னி பாவம். பிளஸ் சாலையில் 90ஐத் தாண்டினால் எஞ்சின் கதறும். கெந்திங் செம்பா ஏற்றத்தில் லோரிகளோடு இடது ஓரமாகத்தான் போக வேண்டும். ஈப்போவரை குடும்பத்தோடு போக நினைப்பவர் இதை எடுக்கக் கூடாது. கோலகுபு பாருவுக்குக் காலையில் மெதுவாகப் போய், மத்தியானம் முழுக்க மண்ணில் கிடந்து, மாலையில் மெதுவாகத் திரும்புகிறவருக்கு இதைவிட நல்லது கிடையாது. 1,324 சிசி எஞ்சினும் ஐந்து கியரும் கொண்ட எஸ்ஜே413 நல்ல நிலையில் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அதை எடுங்கள். பெரிய எஞ்சினைப் பிற்பாடு எஸ்ஜே410இல் மாற்றிப் போடும் எண்ணம் இருந்தால், இலாகா அனுமதி, பரிசோதனை, கிராண்டில் பதிவு ஆகியவற்றின் செலவையும் நேரத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மிட்சுபிஷி பஜேரோ, இரண்டாம் தலைமுறை

1991இலிருந்து 1999வரை வந்த பஜேரோ இன்றும் பார்க்கக் கம்பீரமான வண்டி. குடும்பத்தோடு ஏழு பேர் போகலாம், குளிர்சாதனம் இருக்கும், நெடுஞ்சாலையில் களைப்புத் தெரியாது. சூப்பர் செலக்ட் என்ற அதன் அமைப்பை நான் மிகவும் மதிக்கிறேன். நடுவில் ஒரு டிஃப் இருப்பதால் மழையில் வழுக்கும் காராக் நெடுஞ்சாலையில்கூட நான்கு சக்கர இழுவையில் ஓட்டலாம். ஜிம்னியில் அதைச் செய்தால் முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு கியரையே சிதைத்துவிடும்.

கேட்கும் விலையும் பல சமயம் ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவாக இருக்கும். அங்கேதான் நின்று யோசிக்க வேண்டும். நன்றாக ஓடும் வண்டியை ஏன் இந்த விலைக்குத் தருகிறார்?

2.5 லிட்டர் 4டி56 டீசல் எஞ்சினில் டைமிங் பெல்ட்டோடு, எஞ்சின் நடுக்கத்தைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்டுக்கு இன்னொரு சிறு பெல்ட் உண்டு. சிறியது அறுந்தால் பெரியதில் சிக்கி, அதையும் இழுத்துக்கொண்டு போகும். வால்வுகள் வளைந்து ஹெட்டைக் கழற்ற வேண்டிவரும். பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று கொள்ளுங்கள். அதே எஞ்சின் ஒருமுறை அதிகமாகச் சூடானாலே ஹெட்டில் விரிசல் விழக்கூடியது. காலையில், எஞ்சின் முழுதும் குளிர்ந்திருக்கும்போது போய், ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். தண்ணீரில் குமிழி தொடர்ந்து வந்தால் எஞ்சினுக்குள் எரிந்த வாயு அதில் கசிகிறது. நீங்கள் வருவதற்கு முன்பே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தாலும் எனக்கு அது ஒரு பதில்தான். 2.8 லிட்டர் 4எம்40இல் பெல்ட்டுக்குப் பதில் செயின். அந்தக் கவலை குறையும்.

மீட்டர் போர்டில் நான்கு சக்கர விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தால், “அது சும்மா, பல்பு கோளாறு” என்று விற்பவர் சொல்லக்கூடும். முன் ஆக்ஸிலை இணைக்கும் வேக்குவம் குழாய்களிலோ சொலனாய்டிலோ கோளாறு இருக்கலாம், டிரான்ஸ்ஃபர் கேஸின் உள்ளே உள்ள சுவிட்சாகவும் இருக்கலாம். முதலாவது சில மணி நேர வேலை. இரண்டாவது அப்படியல்ல. எது என்று தெரியாமல் விலை பேசக் கூடாது.

டீசலின் செலவும் மாறிவிட்டது. 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35க்கு ஏறியது. 2025 செப்டம்பர் இறுதியில் குடிமக்களுக்கு ரோன்95 பெட்ரோல் 1.99க்கு வந்தது. டீசல் என்றால் மலிவு என்ற பழைய கணக்கு அதோடு முடிந்துவிட்டது. இங்கே 2019 முதல் டீசலில் பத்து சதவீதம் செம்பனை பயோடீசல் கலக்கப்படுகிறது. அது பழைய டேங்கின் அடியில் படிந்த அழுக்கைக் கரைத்துக் கொண்டுவந்து ஃபில்டரில் அடைக்கும். பழைய ரப்பர் குழாய்களை மென்மையாக்கிக் கசியவைக்கும். வருடக்கணக்கில் நின்ற டீசல் வண்டியை எழுப்புபவர் டேங்க், குழாய், ஃபில்டர் மூன்றையும் புதுப்பிக்காமல் பம்ப்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். டீசல் பம்ப்பை ரிப்பேர் பண்ணும் காசில் ஜிம்னிக்கு நான்கு சக்கரப் பிரேக்கையும் முடித்துவிடலாம். சாலை வரியும் சிசி ஏற ஏறப் படிப்படியாக ஏறும்.

லேண்ட் ரோவர்

இதைப் பற்றி உணர்ச்சி இல்லாமல் எழுத என்னால் முடியாது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நம் பெற்றோர் தலைமுறைக்கு லேண்ட் ரோவர் என்றால் துரை வண்டி. காலைப் பிரட்டுக்கு (வேலைக்குமுன் ஆள் கணக்கெடுப்பு) முன்னால் அதன் சத்தம் கேட்டால் கங்காணிகள் நிமிர்ந்து நிற்பார்கள். 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான வண்டி அது. அதே ஆண்டு ஜூனில்தான் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. துரை ஓட்டிய வண்டியைப் பேரன் சொந்தமாக வாங்கி, தன் கையால் புதுப்பித்து ஓட்ட நினைப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. அதை யாரும் கேலி செய்யக் கூடாது.

ஆனால் 20,000 வெள்ளிக்குள் அடங்கும் ஆசையா இது என்றால், பெரும்பாலும் இல்லை. அலுமினிய உடல் துருப்பிடிக்காது என்ற பேச்சு பாதி உண்மை. அலுமினியம் இரும்பைத் தொடும் இடத்தில் ஈரம் பட்டால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். உள்ளே இருக்கும் சேசிஸ், கால் வைக்கும் இடத்தைத் தாங்கும் பல்க்ஹெட், பின்பக்கக் குறுக்குச் சட்டம் எல்லாம் சாதாரண இரும்பு. பல்க்ஹெட் போனால் வண்டியைப் பாதியாகப் பிரிக்க வேண்டும். வரிசை வீட்டுப் போர்ச்சில் அதைச் செய்தால் பக்கத்து வீட்டுக்காரரோடு உறவு போய்விடும்.

நல்ல செய்தி, எந்தச் சாமானும் கிடைக்காமல் போகாது. கேமரன் மலையில் காய்கறித் தோட்டக்காரர்கள் இன்னமும் பழைய லேண்ட் ரோவர்களில் முட்டைக்கோஸ் ஏற்றுகிறார்கள். அதனால் அங்கே அதை அறிந்த போமன்களும் (மெக்கானிக்குகளும்) பழைய சாமானும் உண்டு. பிரிட்டனில் துத்தநாகம் பூசிய புதுச் சேசிஸே செய்து விற்கிறார்கள். பணம் இருந்தால் முழு வண்டியையும் புதிதாக்கிவிடலாம் என்பதே இதன் ஆபத்தும். மெதுவாக, ஐந்து வருடத் திட்டமாக, தனியாக ஒரு கொட்டகையோடு இறங்குபவருக்கு 300டிடிஐ டீசல் எஞ்சின் கொண்ட டிஃபெண்டர் என்ற லேண்ட் ரோவர் சரியான தேர்வு. அந்தப் பெயரில் வந்த பழைய வடிவத்தின் உற்பத்தி 2016 ஜனவரியில் சோலிஹல்லில் நின்றுவிட்டதால் விலையும் குறையப் போவதில்லை.

பெரோடுவா கெம்பாரா

ஃபோர் வீல் நண்பர்கள் பலர் இதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. அது அநியாயம். 1998இல் டைஹாட்சு தெரியோஸை அடிப்படையாகக் கொண்டு வந்தது. 1.3 லிட்டர் பெட்ரோல், எப்போதும் நான்கு சக்கர இழுவை, நடு டிஃபைப் பூட்டும் வசதி. மெதுவாக, வலுவாக இழுக்கும் லோ கியர் கிடையாது. அது இல்லாததால் செங்குத்தான சேற்று ஏற்றத்தில் கிளட்ச் எரியும். ஆழமான ஆறு, புதைசேறு என்று கனவு காண்பவருக்கு இது ஏற்றதல்ல.

ஆனால் நாம் உண்மையில் எங்கே போகிறோம்? நிரந்தர வனக் காப்பகத்துக்குள் நுழைய வன இலாகாவின் அனுமதி வேண்டும். 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. நினைத்த ஞாயிற்றுக்கிழமை நினைத்த காட்டுக்குள் வண்டியை விட முடியாது, விடவும் கூடாது. மீதியிருப்பது செம்பனைத் தோட்டத்து மண்சாலை, உலு லங்காட் பக்கத்துக் கம்பத்துப் பாதை, மழைக்குப் பிறகு வழுக்கும் செம்மண் ஏற்றம். இதற்கெல்லாம் கெம்பாரா தாராளமாகப் போதும். சாமான் எந்த ஊரிலும் கிடைக்கும், பேட்டைப் போமன் யாரும் கையை விரிக்க மாட்டார், குளிர்சாதனம் ஓடும், மனைவி பிள்ளைகள் முகம் சுளிக்காமல் ஏறுவார்கள். இதுவரை ஒரு ஸ்பேனரும் பிடிக்காத இளைஞர் ஒருவர் என்னிடம் கேட்டால், ஜிம்னிக்கு முன் இதைத்தான் சொல்வேன்.

பார்க்க வேண்டியது அடிப்பாகத் துரு, பின் டிஃப் சீல் கசிவு, புரொபெல்லர் ஷாஃப்டின் தட்டல். கார் போன்ற அமைப்பு என்பதால் அடிப்பாகம் நன்கு அரித்துவிட்டால், தனிச் சேசிஸ் வண்டியைப் போல உடலைத் தூக்கிவிட்டு வேலை பார்க்க முடியாது.

டொயோட்டா லேண்ட் குரூசர் எல்ஜே70 பற்றியும் சிலர் கேட்பார்கள். அருமையான வண்டி; ஆனால் அதன் 2.4 லிட்டர் டர்போ டீசல் 2எல்-டி எஞ்சினின் ஹெட் விரிசலுக்குப் பேர்போனது. மலிவாகக் கிடைக்கும் எல்ஜே70 என்றால் அந்த விரிசல் ஏற்கெனவே விழுந்திருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். பழைய ஹைலக்ஸ் நல்ல உழைப்பாளி, ஆனால் அதற்கு முன் யார் எவ்வளவு பாரம் ஏற்றினார்கள் என்பதைச் சேசிஸ் வளைவு சொல்லும்.

பணத்தை எந்த வரிசையில் போடுவது

வாங்கும் விலைக்கு மொத்தப் பணத்தில் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள். மீதியில் முதலில் பிரேக். நின்றுபோன வண்டியின் பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சி, சிலிண்டர்களை உள்ளிருந்தே அரித்திருக்கும். அடுத்து ஸ்டியரிங், பிறகு குளிர்விக்கும் அமைப்பு, பிறகு வயரிங். எலி கடித்த வயரிங்கை டேப் சுற்றி ஓட்டுவது தீயோடு விளையாடுவதற்குச் சமம். டயரின் பக்கவாட்டில் உள்ள நாலு எண்களைப் படியுங்கள். 3214 என்றால் 2014ஆம் ஆண்டின் 32ஆவது வாரம் செய்தது. பட்டை எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அதை மாற்றத்தான் வேண்டும்.

நீண்ட நாள் நின்ற எஞ்சினை பேட்டரி போட்டு உடனே சுழற்றவும் கூடாது. பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஒரு நாள் ஊறவிட்டு, ஸ்பேனர் போட்டுக் கையால் திருப்புங்கள். திரும்பினால் பிறகு ஸ்டார்ட்டர். திரும்பவில்லை என்றால் பலம் காட்டாமல் மறுபடி ஊறவிடுங்கள்.

சாயம் கடைசி. லிஃப்ட், வின்ச், பெரிய மட் டயர் எல்லாம் அதற்கும் பிறகு. 1997இல் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டியில் மழைக்காலச் சேற்றில் இறங்கும் வண்டிகளைப் பார்த்து, அவற்றைப் போல முதல் மாதத்திலேயே செய்யத் தோன்றும். அவை போட்டிக்காகவே கட்டப்பட்டவை, பின்னால் குழுவே நிற்கிறது. சாலையில் ஓடும் வண்டியின் மாற்றங்களுக்கு இலாகாவின் விதிகள் உண்டு. வாங்கிப் பூட்டியபின் கழற்றச் சொன்னால் காசு வீண்.

எஸ்ஜே410ஐத் தேர்ந்தெடுப்பவருக்கு இன்னும் ஒரு வழி இருக்கிறது, நான் அதை விரும்பிப் பரிந்துரைப்பேன். ஒன்றுக்குப் பதில் இரண்டாக வாங்குவது. சேசிஸும் கிராண்டும் நல்லதாக உள்ள ஒன்று. உடல் அரித்து, ஆனால் கியர் பாக்ஸ், ஆக்ஸில், கண்ணாடி, மீட்டர் எல்லாம் உள்ள இன்னொன்று. இரண்டாவதை நண்பரின் பட்டறை ஓரத்தில் போட்டுத் தேவைக்கேற்பக் கழற்றிக்கொள்ளலாம். அதன் எஞ்சினை எடுத்துப் போட்டால் அந்த எண்ணை உங்கள் கிராண்டில் முறையாகப் பதிந்துகொள்ளுங்கள். சேசிஸ் எண்ணை வெட்டி ஒட்டும் யோசனையை எந்தப் போமன் சொன்னாலும் அந்தப் பட்டறையைவிட்டு வண்டியை வெளியே எடுத்துவிடுங்கள், அது குற்றம். கழற்றி முடிந்த எலும்புக்கூட்டை எடைக்குப் போடும் முன் அதன் பதிவை இலாகாவில் ரத்து செய்யுங்கள். இல்லாத வண்டி உங்கள் பெயரில் நின்றுகொண்டிருக்க வேண்டாம்.